பிற சமயத்தாரும் மீட்பும் : மருதனார்மடச் சூழலில் எழுந்த ஒரு வினாவின் வரலாறு

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் மருதனார்மடத்தை அறிவர். சந்தையும் சந்தியும் பலர்க்கும் பழக்கமானவை. சமய வரலாற்றை நோக்குவோர்க்கு அவ்வூர் இன்னொரு வகையிலும் சிறப்புடையது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களின் கல்விக்கென 1913ஆம் ஆண்டில் நிறுவிய இராமநாதன் கல்லூரி இங்கேயே உள்ளது. சேவாக் செல்வரத்தினம் அடிகள் 1939ஆம் ஆண்டில் தொடங்கிய கிறிஸ்த சேவா ஆச்சிரமமும் இங்கேயே உள்ளது. சைவம் தன்னைக் காத்துக் கொள்ள எழுப்பிய நிலையம் ஒன்று. கிறிஸ்தவம் தன்னை இம்மண்ணுக்கு உரியதாக்கிக் கொள்ள எழுப்பிய நிலையம் மற்றொன்று. இரண்டும் ஓர் ஊரில் அயலாக வாழ்ந்து வருகின்றன.

இவ்வயல்வாழ்வு ஒரு வினாவை எழுப்புகின்றது. கிறிஸ்துவை ஏற்காத பிற சமயத்தாருக்கு மீட்பு உண்டா? கிறிஸ்தவ இறையியலார் இருபது நூற்றாண்டுகளாக இதனை ஆராய்ந்து வந்துள்ளனர். யாழ்ப்பாணத்திலோ இது நூலகத்து வினாவாக மட்டும் இருக்கவில்லை. ஒரே வளவினுள் ஒரு வீட்டார் கோயிலுக்கும் மறுவீட்டார் தேவாலயத்துக்கும் செல்லும் இச்சமூகத்தில், அது தாயையும் பேரனையும் அயலவரையும் பற்றிய வினாவாகவே எழுந்தது. மருதனார்மடத்தையும் அதன் சுற்றுவட்டத்தையும் சேர்ந்த சிந்தனையாளர் சிலர் இவ்வினாவுக்கு அளித்த விடைகளை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் பற்றிய கவலை

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் தம் பணியைத் தொடங்கினர். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களின் தொடக்க நிலையங்கள். மருதனார்மடத்தை அடுத்துள்ள உடுவிலில் 1824ஆம் ஆண்டு பெண்களுக்கான விடுதிப் பாடசாலை எழுந்தது. கடல் கடந்து அவர்களை இங்கு வரச் செய்த உந்துதல் தெளிவானது. நற்செய்தியைக் கேளாமல் இறப்போர் என்றென்றைக்கும் அழிந்து போவர் என அவர்கள் உறுதியாக நம்பினர். அந்நம்பிக்கையே அவர்களின் தியாகத்துக்கும் ஊற்று, பிற சமயங்கள் மீது அவர்கள் காட்டிய கடுமைக்கும் ஊற்று எனலாம்.

இந்நம்பிக்கையைக் கேட்டவரின் உள்ளத்தில் உடனே ஒரு வினா பிறப்பது இயல்பு. "நான் பிழைத்தேன், என் முன்னோர் என்னாயினர்?" இதனை எழுப்பியவர் யாழ்ப்பாணத்தார் மட்டுமல்லர். 1544ஆம் ஆண்டு மன்னாரில் கிறிஸ்தவம் பரவுவதற்குக் காரணராயிருந்த பிரான்சிஸ் சவேரியார், பின்னர் ஜப்பானில் பணியாற்றினார். இறந்த பெற்றோருக்கு இனி வழியில்லை எனக் கேட்ட புதுக் கிறிஸ்தவர்கள் அங்கு அழுததை 1552ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் அவரே உருக்கத்துடன் பதிவு செய்துள்ளார். போதகர் தாம் கூறிய போதனையின் சுமையைக் கேட்டவரின் கண்ணீரில் கண்ட தருணம் அது.

யாழ்ப்பாணத்துக்கு மிஷனரிமாரை அனுப்பிய அதே அமெரிக்கச் சங்கத்தினுள்ளும் 1886ஆம் ஆண்டில் இவ்வினா பெரும் பூசலாக வெடித்தது. இந்தியாவில் அகமத்நகரில் ஊழியம் புரிந்த றொபேட் ஹியூம் விடுமுறையில் தாயகம் சென்றிருந்தார். நற்செய்தியைக் கேளாது இறந்தோர்க்கு மறுமையில் ஒரு வாய்ப்புக் கிட்டக்கூடும் என்னும் கருத்தை விலக்கத்தக்கதெனத் தள்ளிவிடலாகாது என அவர் அங்கு பேசினார். இந்தியரிடம் அவர்தம் முன்னோரைப் பற்றிப் பேச நேரும் ஊழியரின் இடர்ப்பாடே அவரை அவ்வாறு பேசத் தூண்டியது. அதன் விளைவாக அவர் இந்தியா திரும்புவதற்கான இசைவு தாமதமாகி, 1887ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. மறுமையைப் பற்றிய ஒரு நம்பிக்கைக்காக இம்மையில் ஊழியரொருவர் காத்திருக்க நேர்ந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

மதம் மாறாதோரும் இவ்வரலாற்றில் இடம்பெறுவர். ஆறுமுகநாவலர் இளமையில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பிலே துணைபுரிந்தார். கிறிஸ்தவ வேதத்தைச் சொல் சொல்லாக ஆய்ந்தவர் அவர். ஆயினும் சைவராகவே நின்று, 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். நற்செய்தியைக் கேளாதவர் என அவரைக் கூற எவராலும் இயலாது. எனவே 'கேளாதோர்' என்ற வகுப்பினுள் அடங்காத ஒருவரை யாழ்ப்பாணம் மிஷனரிமாரின் முன் நிறுத்தியது. கேட்டும், கற்றும், மதித்தும், தன் நெறியிலேயே நிற்பவனைப் பற்றி யாது கூறுவது? கிறிஸ்தவ மரபு அதுவரை எண்ணிப் பார்த்ததிலும் கடினமான வினா இது.

திருமறையும் திருச்சபை மரபும்

கிறிஸ்தவத் திருமறையிலேயே இது குறித்து இரு குரல்கள் ஒலிக்கின்றன. இயேசுவாலன்றி எவரும் தந்தையிடம் வருவதில்லை என யோவான் நற்செய்தியும், வேறொரு நாமத்தினால் மீட்பில்லை என அப்போஸ்தலர் நடபடிகளும் கூறுகின்றன. அதே நடபடிகள் நூலில், கொர்நேலியு என்னும் அந்நிய இனத்தவனின் இல்லத்தில், கடவுள் எவ்வினத்தாரிலும் தமக்கு அஞ்சி நீதி செய்வோரை ஏற்கின்றார் எனப் பேதுரு உணர்கின்றார். மத்தேயு நற்செய்தியின் இறுதித் தீர்ப்புக் காட்சியிலோ, பசித்தோர்க்கு உணவளித்தனையா என்பதே வினவப்படுகின்றது.

திருச்சபைக்குப் புறம்பே மீட்பில்லை என்ற கோட்பாட்டின் வேர் மூன்றாம் நூற்றாண்டினரான சிப்பிரியானிடம் உண்டு. ஆயினும் அவர் அதனைத் திருச்சபையைப் பிளந்து சென்றோரை நோக்கியே கூறினார். பிற சமயத்தார் அவரது எண்ணத்தில் முதன்மை பெறவில்லை. 1442ஆம் ஆண்டு புளோரன்ஸ் சங்கத்தின் ஆணையிலேயே அது பிற சமயத்தார் அனைவர்க்கும் விரித்துரைக்கப்பட்டது. மறுபுறம், இரண்டாம் நூற்றாண்டினரான யுஸ்தீன், இறைவனின் வார்த்தை வித்துக்களாக மாந்தர் அனைவரிடத்தும் விதைக்கப்பட்டுள்ளது எனக் கருதி, கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த கிரேக்க ஞானியரையும் அவ்வார்த்தைக்கு உரியோராகக் கொண்டார். இறுக்கமும் நெகிழ்வும் இம்மரபினுள் தொடக்க முதலே உடனிருந்தன என்பது இதனாற் பெறப்படும்.

இராமநாதனின் விடை

மருதனார்மடக் கல்லூரியை நிறுவுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே இராமநாதன் இவ்வினாவுக்கு வியப்பூட்டும் ஒரு விடையை அளித்திருந்தார். தஞ்சாவூரைச் சேர்ந்த அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்ட அவர், ஸ்ரீ பரானந்தர் என்னும் பெயரில் 1898ஆம் ஆண்டில் மத்தேயு நற்செய்திக்கும், 1902ஆம் ஆண்டில் யோவான் நற்செய்திக்கும் ஆங்கிலத்தில் உரை வெளியிட்டார். இரண்டும் லண்டனில் அச்சாயின. அவற்றைப் பதிப்பித்தவர் ஆர். எல். ஹரிசன் என்னும் அவுஸ்திரேலியப் பெண்மணி. பின்னர் லீலாவதி இராமநாதன் அம்மையார் ஆகி, மருதனார்மடக் கல்லூரியின் வளர்ச்சிக்கு உழைத்தவரும் அவரே.

இவ்வுரைகளின் அடிநாதம் ஞானயோகமாகும். நற்செய்தி கூறும் இறையாட்சி வெளியே தோன்றும் அரசன்று. ஆன்மாவினுள் விளங்கும் நிலை. மறுபிறப்பு என்பது உலகப் பற்றிலிருந்து விடுபட்ட ஆன்மா தன்னை உணர்வது. கிறிஸ்து என்பது ஒருவருக்கே உரிய பெயரன்று. இறையருளால் தூய்மையுற்ற ஆன்மா எய்தும் நிலையைக் குறிப்பது. இந்நோக்கில் பார்ப்பின், மீட்பு என்பது பாசம் நீங்கிப் பதியைச் சார்தலே. நாயன்மாரும் இயேசுவும் ஒரே உண்மையின் சான்றினராகின்றனர். பிற சமயத்தாருக்கு மீட்பு உண்டா என்னும் வினாவே ஈண்டு கரைந்து போகின்றது. ஏனெனில் பிற சமயம் என ஒன்று இங்கே இல்லை.

கிறிஸ்தவ மிஷனரிமார் சைவத்தைத் தாக்கிய காலத்தில், கண்டனத்துக்குக் கண்டனம் என எழுதாமல், எதிராளியின் திருமறைக்கே உரை எழுதிய சைவரின் பெருந்தன்மை போற்றற்குரியது. எனினும் ஒரு கிறிஸ்தவர் இவ்வுரையைக் கற்கும்போது யாது உணர்வார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் வழிபடும் இயேசு, வரலாற்றில் ஒருமுறை வாழ்ந்து சிலுவையில் இறந்து உயிர்த்தெழுந்தவர். அவ்வொருமையே அவர்தம் விசுவாசத்தின் உயிர். இராமநாதனின் உரையில் இயேசு உயர்ந்த ஞானியாகின்றார். ஆனால் பலருள் ஒருவராகின்றார். அன்புடன் வரவேற்கப்பட்ட விருந்தினர், வீட்டுக்காரரின் உடையை அணிந்து கொண்டே உள்ளே வர வேண்டியுள்ளது.

சைவத்தின் படிநிலையும் கிறிஸ்தவத்தின் படிநிலையும்

இத்தகைய உள்ளடக்கும் மரபு சைவசித்தாந்தத்தில் நெடுங்காலமாக உண்டு. சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எனச் சித்தாந்திகள் வகுத்தனர். உயிர் ஒவ்வொரு படியாக ஏறி இறுதியிற் சித்தாந்தத்தை அடையும் என்பது அவர்தம் கொள்கை. எத்தெய்வத்தை வழிபடுவோர்க்கும் அவ்வழிபாட்டின் பயனை அளிப்பவன் சிவனே என்பதும் சிவஞானசித்தியார் வழிவந்த தெளிவாகும். இது எவரையும் விலக்குவதில்லை. ஆயின் எல்லோரையும் தனது படிக்கட்டிலேயே நிறுத்துகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கத்தோலிக்க உலகில் எழுந்த சிந்தனை இதற்கு வியக்கத்தக்க ஒப்புமை உடையது. 1962 முதல் 1965 வரை நிகழ்ந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதிருந்தும் மனச்சான்றின்படி இறைவனைத் தேடுவோர் மீட்படையலாம் என 1964ஆம் ஆண்டில் அறிவித்தது. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையும் ஆனவற்றைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என 1965ஆம் ஆண்டு ஏடு உரைத்தது. இறையியலாளர் கார்ல் ராணர் இத்தகையோரைப் 'பெயர் அறியாக் கிறிஸ்தவர்' என்னும் கருத்தால் விளக்கினார். புளோரன்ஸ் ஆணையிலிருந்து இது எத்துணைத் தொலைவு என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆயினும் இங்கும் அதே இடர்ப்பாடு தோன்றுகின்றது. நல்லூரிலே நாள்தோறும் வழிபடும் சைவ முதியவர் ஒருவரை நோக்கி, "ஐயா, நீங்கள் உங்களை அறியாமலே கிறிஸ்தவர்" எனக் கூறின், அவர் புன்னகையுடன், "தம்பி, நீர் உம்மை அறியாமலே சைவர்" எனத் திருப்பிக் கூறக்கூடும். இருவரும் ஒருவரையொருவர் மதிக்கின்றனர். இருவரும் மற்றவரின் பெயரை மாற்றிவிட்டே மதிக்கின்றனர். கிறிஸ்தவரின் உள்ளடக்கும் கொள்கை பிறர்க்கு எவ்வாறு தோன்றும் என்பதை அறிய விரும்பும் கிறிஸ்தவர் இராமநாதனின் உரையைக் கற்றல் நன்று. அது அவர்க்கு ஒரு கண்ணாடி.

தாம்பரமும் யாழ்ப்பாணமும்

மருதனார்மடத்தில் ஆச்சிரமம் தோன்றுவதற்கு முந்திய ஆண்டாகிய 1938இன் டிசம்பரில், சென்னையை அடுத்த தாம்பரத்திலுள்ள கிறிஸ்தவக் கல்லூரியில் அனைத்துலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 470 பேராளர் பங்குபற்றினர். ஒல்லாந்தரான ஹென்றிக் கிறேமர் அம்மாநாட்டுக்கென எழுதிய நூலில், கிறிஸ்துவில் வெளிப்பட்ட இறைவனின் செயலுக்கும் மனிதரின் சமயத் தேட்டங்களுக்குமிடையே தொடர்ச்சி இல்லை என வாதிட்டார். அக்கல்லூரியின் பேராசிரியராயிருந்த ஏ. ஜி. ஹொக், இந்துக்களின் நம்பிக்கையினூடாகவும் இறைவன் அவர்களைச் சந்திக்கின்றார் என மறுத்துரைத்தார். பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் அதே ஆண்டில் வெளியிட்ட தொகுப்பில், இந்தியக் கிறிஸ்தவம் தன் சிந்தனையை மறுபடி தொடங்க வேண்டுமென வற்புறுத்தினர்.

இம்மாநாட்டின் இளம் பேராளருள் ஒருவர் தெல்லிப்பழையில் 1908ஆம் ஆண்டு பிறந்த டி. ரி. நைல்ஸ். மெதடிஸ்த திருச்சபையினரான இவர் பின்னர் உலகத் திருச்சபை மன்றத்தின் முன்னணித் தலைவருள் ஒருவராக விளங்கினார். 1935ஆம் ஆண்டில் கார்ல் பார்த் என்னும் பேர்பெற்ற இறையியலாளரைச் சந்தித்த நிகழ்ச்சியை அவரே எழுதியுள்ளார். பிற சமயங்கள் அவிசுவாசமே எனப் பார்த் கூற, எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கின்றீர்கள் என நைல்ஸ் வினவினார். ஒருவரையும் இல்லை என்றார் பார்த். அவ்வாறாயின் இந்து சமயம் அவிசுவாசமென எவ்வாறு அறிவீர்கள் என மீண்டும் வினவியபோது, அனுபவத்தின் முன்னரே கொள்கையளவில் அது தெளிவு எனப் பார்த் விடையளித்தாராம். தாம் தலையசைத்துப் புன்னகை செய்ததாக நைல்ஸ் குறிப்பிடுகின்றார். அப்புன்னகைக்குப் பின்னே தெல்லிப்பழையின் அயலவர் அனைவரும் நின்றிருத்தல் வேண்டும்.

நைல்ஸ் மிகுந்த நற்செய்தி ஆர்வலர்; கிறிஸ்துவின் ஒருமையை அவர் ஒருபோதும் விட்டுக் கொடுத்தாரல்லர். ஆயினும் ஊழியர் சென்றடையும் முன்னரே கிறிஸ்து அங்கே சென்று செயலாற்றிக் கொண்டிருக்கின்றார் என்பது அவரது உறுதி. மாந்தர் எல்லோரும் மீட்கப்படுவரா என்னும் வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ கூறப் புதிய ஏற்பாடு இடந்தரவில்லை என்பதும் அவர் வலியுறுத்திய கருத்து. மீட்கப்படுவோர் சிலர்தாமோ என ஒருவன் வினவியபோது, இயேசு எண்ணிக்கையைக் கூறாது, நீ முயன்று உட்புகு என அவனையே நோக்கித் திருப்பியதை லூக்கா நற்செய்தி காட்டும். நைல்ஸின் மௌனம் அத்தகையது.

அத்தியட்சர் குலேந்திரனின் ஆய்வு

அமெரிக்க மிஷனின் வழிவந்த யாழ்ப்பாணத் திருச்சபை 1947ஆம் ஆண்டில் தென்னிந்திய திருச்சபையின் ஓர் ஆதீனமாயிற்று. அதன் முதல் அத்தியட்சர் சபாபதி குலேந்திரன், 1970ஆம் ஆண்டு வரை அப்பதவியில் இருந்தார். கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்னும் கோட்பாட்டை ஒப்பிட்டு அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1964ஆம் ஆண்டில் லண்டனில் வெளிவந்தது. இருபக்க மூலங்களையும் பொறுமையுடன் கற்று எழுதப்பட்ட நூல் அது.

அவரது காலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட மிஷனரிகளுள் பலர் சைவத்தில் அருள் என்ற ஒன்றே இல்லையெனக் கருதி வாதிட்டிருப்பர். குலேந்திரன் அவ்வாறு எழுதவில்லை. மாணிக்கவாசகர் போன்றோரின் அனுபவத்தை அவர் மதித்தார். ஒரே அருள் என்னும் சொல்லை இரு சமயத்தாரும் வழங்கினும் அதன் அடித்தளம் வேறு என்பதே அவர் வலியுறுத்தியது. சைவத்தில் அருள் இறைவனின் இயல்பாகிய சக்தி. அது பக்குவமடைந்த உயிரிற் பதிகின்றது. கிறிஸ்தவத்தில் அருள் பாவிகளை நோக்கி வரலாற்றில் நிகழ்ந்த ஒரு செயல். அதனைக் கிறிஸ்துவிலிருந்து பிரித்துக் காண இயலாது.

இவ்வேறுபாட்டை மொழியே காட்டி நிற்கின்றது. சீர்திருத்தத் திருச்சபையார் பழகிய வேதாகமத்தில் இரட்சிப்பு, கிருபை என்னும் சொற்கள் வழங்கின. அவற்றின் இடத்தில் கத்தோலிக்கர் மீட்பு, அருள் என்பவற்றை வழங்கலாயினர். சைவர் வீடுபேறு, முத்தி என்றனர். மீட்பு என்பது இழந்ததை மீளப் பெறுதல். வீடு என்பது கட்டினின்று விடுபடுதல். ஒருவர் மீட்கப்பட விரும்புகின்றார். மற்றவர் விடுபட விரும்புகின்றார். இருவரையும் ஒரே படகில் ஏற்றும் முன், அவர்கள் ஒரே கரைக்குத்தான் செல்ல விழைகின்றனரா எனக் கேட்பது நேர்மையன்றோ? குலேந்திரனின் பெருமை இவ்வினாவைத் தட்டிக் கழியாமையில் உள்ளது. ஆயினும் முன்னோர் என்னாயினர் என அழுதவர்க்கு அவர் காட்டும் வேறுபாடு மட்டும் ஆறுதல் ஆகாது.

அயலவரின்றி அமையாத மீட்பு

அக்குறையை நிறைவு செய்ய முற்பட்டவர் யாழ்ப்பாணத்தவரான வெஸ்லி அரியராஜா எனலாம். உலகத் திருச்சபை மன்றத்தின் சமய உரையாடற் பிரிவை 1980களில் நெறிப்படுத்திய இவர், தாம் சிறுவனாக இருந்தபோது அயலில் வாழ்ந்த இந்துக் குடும்பத்தாரை நினைவுகூர்ந்து, 1999ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலுக்கு 'என் அயலவரின்றி அல்ல' எனப் பொருள்படும் தலைப்பை இட்டார். சவேரியார் முன் அழுதவர்களின் வினாவே இங்கு ஒரு யாழ்ப்பாணச் சிறுவனின் வினாவாக மீண்டும் எழுவதைக் காண்கின்றோம். முன்னவர்கள் இறந்தோரை எண்ணி அழுதனர். இவர் வேலிக்கு அப்பால் வாழ்வோரை எண்ணிக் கேட்டார்.

இதுவரை கண்டவற்றால் மூன்று விடைகள் தெளிவாகின்றன. மறுத்து விலக்கல் ஒன்று. பெயர் மாற்றி உள்ளடக்கல் ஒன்று. தீர்ப்பை இறைவனிடம் விட்டுத் தன் சான்றை மட்டும் பகர்தல் ஒன்று. முதலாவது முன்னோரைக் கைவிடுகின்றது. இரண்டாவது அவர்களை ஏற்று, அவர்களாக இருக்க விடுவதில்லை. மூன்றாவதே, குலேந்திரன் காட்டிய வேறுபாட்டையும் நைல்ஸ் காத்த மௌனத்தையும் ஒருங்கே கொண்டு, பிறரைப் பிறராகவே மதிக்க வழி செய்கின்றது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

இது வினாவைத் தட்டிக் கழிப்பதாகாதா எனச் சிலர் வினவலாம். வகுப்பறையில் அவ்வையம் நியாயமே. ஆயினும் தாயின் சாம்பல் ஆறுமுன் நிற்கும் மகனிடம் அவள் அழிந்தாள் எனக் கூறும் துணிவும், அவள் அறியாமலே கிறிஸ்தவள் எனக் கூறும் துணிவும் ஒருங்கே ஒரு தவறுடையன. இரண்டும் இறைவனின் இருக்கையில் மனிதன் அமர்வதாகும். அவ்விருக்கையை விட்டெழுவது மௌனம் மட்டுமன்று, அடக்கமுமாகும்.

இராமநாதன் 1921ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி இருந்த நிலத்திலேயே 1974ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. சைவர் ஒருவர் எழுப்பிய கட்டடத்தில் கிறிஸ்தவ நாகரிகமும் இந்து நாகரிகமும் பாடங்களாகப் பயிலப்படுகின்றன. மருதனார்மடத்திலோ கல்லூரியும் ஆச்சிரமமும் தத்தம் வழிபாட்டைத் தத்தம் முறையில் தொடர்கின்றன. மறுமையில் யார் யார் எவ்விடம் என்பதை அவ்வூரார் கூடித் தீர்மானித்ததில்லை. இம்மையில் ஒருவர் வீட்டுத் துயருக்கு மற்றவர் வந்து நிற்பதை மட்டும் அவர்கள் தவறவிட்டதில்லை. மீட்பைப் பற்றிய எந்தக் கோட்பாடும் இவ்வழக்கத்திலும் சிறியதாய் இருத்தல் ஆகாது.